ஆறாம் நம்பர்

கறுப்புப் படலத்தில் பறவை
இறக்கை விரித்துக் கிடக்கிறது.
நான்தான் விரித்து வைத்தேன்,
நான்கு இடத்தில் பசைநாடா ஒட்டி.
பறவையின் எலும்புக்குள் காற்று என்று
பாடத்தில் படித்ததை
இங்கே வந்துதான் கண்ணால் பார்த்தேன்.
தோள் எலும்பு வெறும் புகைக்கோடு.
அதைச் சுற்றி ஐந்து வெள்ளைப் புள்ளிகள்.
அவற்றுக்குள் மட்டும்
காற்றே இல்லை.

உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவர்
டின்ஸ்டேல் மெட்காஃப்.
மேட்டுக் கரம்பில், கல்வேலியோரம் கிடந்தது என்றார்.
முப்பத்தொரு வருஷம்
அந்தக் கரம்பின் வேட்டைக் காவலர்.
க்ரௌஸ் குஞ்சுகளுக்காகப் புதரை எரித்தவர்,
நரிக்கு வலை வைத்தவர்.
வேறு எதற்கு என்ன வைத்தார் என்று
யார்க்‌ஷயரின் இந்த மூலையில்
யாரும் அவரைக் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் இதே பெயரில் வேறொரு பறவை.
செம்பருந்துதான், ஆனால் நெஞ்சு வெள்ளை.
வியாழக்கிழமை அது வட்டமிட்டால்
அப்பா சைக்கிளை நிறுத்திக்
கன்னத்தில் போட்டுக்கொள்வார்.
சனிக்கிழமை அதுவே கோழிக்குஞ்சைத் தூக்கினால்
அதே கை செங்கல் துண்டைத் தேடும்.
நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

டின்ஸ்டேலிடம் இதை ஒருமுறை சொன்னேன்.
சிரிக்கவில்லை.
"குறி தப்புமா அவருக்கு?"
"எப்போதும் தப்பும்."
"அப்படியானால் அவர் எறியவே இல்லை."

சனிக்கிழமைகளில் கடைத்தெரு கஃபேயில்
தொலைநோக்கி தொங்கும் கழுத்துகள் ஒரு மேஜையில்.
கொலைகாரர்கள் என்ற சொல்
அங்கே தாழ்ந்த குரலில் வரும்.
அடுத்த மேஜையில் சேற்றுப் பூட்ஸுகள்.
கரம்பு இல்லாவிட்டால் இந்த ஊருக்குச் சோறு ஏது
என்பது கொஞ்சம் உரக்க வரும்.
இரண்டு மேஜைக்கும் ஒரே வினிகர் பாட்டில்தான்
போய்ப்போய் வரும்.

நான் எந்த மேஜை?
எங்கள் மருத்துவமனைக்கு வரும் நாய்களில் பாதி
துப்பாக்கிக்குப் பின்னால் ஓடுபவை.
முள்கம்பி கிழித்த ஸ்பேனியல்களைத் தைத்த காசில்தான்
இந்த எக்ஸ்ரே மெஷினுக்குத் தவணை கட்டுகிறோம்.
கிறிஸ்துமஸ் வந்தால் கதவுப் பிடியில்
ஒரு ஜோடி ஃபெசன்ட் தொங்கும்.
போன வருஷம் மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன்.
மூன்றாவது வாயில்
பல்லில் நறுக்கென்றது.
துப்பிக் கழுவி, பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
மிச்சத்தையும் சாப்பிட்டேன்.

படத்தைப் பார்க்கலாமா என்றார் டின்ஸ்டேல்.
தொப்பியைக் கழற்றினார்,
கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"ஆறாம் நம்பர் ஈயம்.
எங்கள் நாளில் ஐந்துதான் போடுவோம்."

நான்கு புள்ளியைச் சொன்னார்.
ஐந்தாவது, தொடையருகே,
மற்றவற்றைவிட ஒரு நூலிழை பெரியது.
அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருந்தது,
மரம் ஆணியை விழுங்குவதுபோல.

"இது?"
"பழையது. ஐந்தாறு வருஷம் இருக்கலாம்."

அவர் வேலையை விட்டு நான்கு வருஷம்.
கணக்கு எனக்கும் தெரியும்.
வெளியே ஏதோ ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
"நன்றாகத்தான் ஆறியிருக்கிறது,"
என்றார் கடைசியில்,
பேரப்பிள்ளையின் முழங்காலைப் பார்த்துச் சொல்வதுபோல.

போலீசுக்குப் போகும் படிவம்.
குண்டுகள்: ஐந்து. புதியவை நான்கு, பழையது ஒன்று.
அளவு என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றது.
"எழுது," என்றார்.
"இரண்டு அளவையும் எழுது."

தொப்பியை மறந்துவிட்டுப் போனார்.
எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.
கார் நிறுத்துமிடத்துக்கு மேலே
இரண்டு செம்பருந்துகள்,
பிளந்த வாலைத் திருப்பித் திருப்பி
காற்றில் ஏதோ பூட்டைத் திறந்துகொண்டிருந்தன.
அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
என் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.
விரலில் இன்னும் பசைநாடா,
அதில் ஒரு சின்னச் சிவப்பு இறகு.