ஏழாம் திரை, இரவுக் காட்சி

ஃபஹாஹீல் மாலில்
ஏழாம் திரைக்கு டார்ச் அடிப்பவன் நான்.
இந்தக் கௌபாய் படத்தை
நாற்பத்து மூன்று முறை பார்த்துவிட்டேன்,
ஒருமுறைகூட உட்கார்ந்து இல்லை.

முதல் இருபது நிமிடம் எனக்குத் தெரியாது.
அப்போது வராந்தாவில்
சிந்திய பெப்சியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.
முத்தம் யாருக்குமே தெரியாது,
தணிக்கைக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார்.
அவள் தலையைச் சாய்க்கிறாள்,
உடனே ஒரு குதிரை கனைக்கிறது.

கதை இவ்வளவுதான்:
வறண்ட ஊர், ஒரே கிணறு,
அதைக் காக்க நாற்பது காசு கூலிக்கு
எங்கிருந்தோ வருகிறான் ஒருத்தன்.
புழுதி. தோட்டா. பதினொரு பிணம்.

பழைய படம் கறுப்பு வெள்ளை.
ப்ரொஜெக்டர் அறை ஒஸ்மான், சூடான்காரர், சொல்வார்:
"அதுதான் படம். இது அதன்மேல் அடித்த பெயிண்ட்."
அதில் கடைசியில்
கிணற்றுக்காரன் பணப்பையை நீட்டுவானாம்,
இவன் தொடமாட்டானாம்.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
மேற்கே, நேராகச் சூரியனுக்குள் போய்விடுவானாம்.
சொல்லும்போதே ஒஸ்மானுக்குக் குரல் கம்மும்.

கைப்பேசியில் தேடிப் பார்த்தேன்.
நல்ல குதிரை. நல்ல சூரியன்.
ஆனால் மேசைமேல் கிடந்ததே அந்தப் பை,
அதைவிட்டு என் கண் நகரவில்லை.

புதியதில் அவன் வாங்குகிறான்.
வாங்கி, மேசையில் கொட்டி,
விரலால் தள்ளித் தள்ளி எண்ணுகிறான்.
பின்னணி இசை கிடையாது.
முழுதாக ஒரு நிமிடம், காசு உரசும் சத்தம் மட்டும்.
முப்பத்தெட்டு.
நிமிர்ந்து பார்க்கிறான்.

வியாழன் இரவு
மீனா அப்துல்லா பக்கமிருந்து ஒரு பேருந்து வரும்.
வெல்டர்கள், சாரம் கட்டுபவர்கள்,
கிரேன் ஓட்டும் இன்னாசி.
அவர்கள் கம்பெனியில்
மூன்று மாதமாகச் சம்பளம் "அடுத்த வாரம்".
துப்பாக்கிச் சண்டையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்,
வேலை அப்படி.
அந்த இடம் வரும்போது
பக்கத்துச் சீட்டு முழங்கையால் இடித்து எழுப்பும்.
பிறகு எல்லாரும் சேர்ந்து எண்ணுவார்கள்
தமிழில், தெலுங்கில், வங்காளத்தில்,
பின்வரிசையில் யாரோ நேபாளியில்,
முப்பத்தஞ்சு, முப்பத்தாறு...
அவன் நிமிரும்போது
ஒரு விசில் இல்லை.
அத்தனை பேரும் கிணற்றுக்காரனின் கையைப் பார்ப்பார்கள்
சட்டைப்பைக்குள் போகிறதா என்று.

வீரமில்லாத முடிவு என்று
பேப்பரில் எழுதியிருந்ததாம்.
மானேஜரும் அதையே சொல்கிறார்.
இருக்கலாம், அவருக்குச் சம்பளம்
ஒன்றாம் தேதி வருகிறது.

போன வாரம் இன்னாசி
வெளியே வந்து கேட்டான்:
"அந்த ரெண்டு காசு குடுத்தானா இல்லியா?
கதவு திறந்து வெளிச்சம் அடிச்சிருச்சு, தெரியல."

கதவைத் திறப்பது என் வேலை.
பையை நீட்டியதும் திறக்க வேண்டும் என்பது சட்டம்,
கூட்டம் நெருக்காமலிருக்க.

இன்றைக்குப் பேருந்துக்காரன்
கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான்.
வாக்கி டாக்கியில் மானேஜர் என் பெயரைச் சொல்கிறார்.
தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறேன்.
ஒன்று
விழுந்திருக்கிறது.