மாசிக்காய்

அதிகாலை மூன்றே முக்காலுக்கு
கழுவுதொட்டி வரிசையில் நான் ஏழாவது ஆள்.
துப்பியதும் குழாயைத் திறந்துவிடுவேன்,
பின்னால் நிற்பவன் பார்க்கும் முன்.
இளஞ்சிவப்புதான்,
தக்காளி அலசிய தண்ணீர்போல.
இருந்தாலும் அது நான்.

கம்பெனி டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை.
பனடோல் எழுதினார்.
பல் டாக்டருக்கு இருபத்தெட்டு ரியால்,
அதுவும் முதல் நாளுக்கு.

அறையில் ஆளுக்கொரு வைத்தியம்.
கிராம்பை அடக்கு என்றார் இருதயராஜ்.
படிகாரம் கொப்பளித்தேன்,
நாள் முழுக்க வாய்க்குள் ஒரு சலூன்.
பெஷாவர்க்காரர் தந்த அக்ரூட் பட்டையை மென்றேன்.
உதடு செக்கச் சிவந்து
கிரேனுக்குக் கீழே நின்ற அத்தனை பேரும்
விசில் அடித்தார்கள்.

வீடியோவில் செண்பகவல்லி கேட்டாள்:
"சிரிப்பையும் சிக்கனமாத்தான் செலவு பண்ணுவீங்களா?"
மறுநாளே நாட்டுமருந்துக் கடைக்குப் போய்
மாசிக்காய் வாங்கிப் படம் அனுப்பினாள்.
பொடித்து, தைலப் புட்டியில் அடைத்து
அமலதாஸ் கையில் கொடுத்துவிடுவாளாம்.
அமலதாஸுக்கு லீவு முடிய
இன்னும் பதினாறு நாள்.

பொறுக்கவில்லை.
வெள்ளிக்கிழமை மத்ரா சந்தையில்
தோஸ்தீன் கடையில் அந்தப் படத்தை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
சாம்பிராணி மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு பிடி அள்ளினார்,
கோலிக்குண்டு அளவில், மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாய்.
"அஃப்ஸ்" என்றார்.

எங்கள் ஊர் மருந்து என்றேன்
எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில்.
சிரித்தார். முன்பல் இரண்டைக் காணோம்.
கடல் பக்கம் கையைக் காட்டினார்:
அக்கரையில், ஈரான் மலையில் ஒரு மரம்.
குளவி குத்திய இடத்தில்
மரம் வீங்கிக் கட்டிக்கொண்ட கட்டி இது,
காயே இல்லை.
பந்தர் அப்பாஸ், பிறகு இங்கே,
பிறகு பம்பாய்,
பிறகுதான் நீங்கள்.
அரை ரியால் கொடு.

அவள் பொடித்த மாசிக்காய்
வந்த கடல்வழியே
திரும்பி வரப்போகிறது, அமலதாஸின் பெட்டியில்,
கருவாட்டுக்கும் முறுக்குக்கும் நடுவே.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.

ஈறில் தேய்த்தால்
வாய் முழுக்கச் சுருங்குகிறது,
நாக்கு சுண்ணாம்புச் சுவராகிறது.
ஒன்பதாம் நாள் துப்பிவிட்டு
குழாயைத் திறக்காமல் குனிந்து பார்த்தேன்.
இளஞ்சிவப்புதான்.
நேற்றைவிட ஒரு பிடி வெளுப்பு,
அல்லது டியூப்லைட் அப்படி.

"பாய், ஜல்தி" என்றான்
எட்டாவது ஆள்.