திரும்ப எண்ணுங்க

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேந்தது
சாயங்காலம் நாலு பத்து.
சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு.
பேருதான் தப்பு. முப்பிடாதின்னு சொன்னேன்,
முத்துப்பேச்சின்னு எழுதிட்டாரு.
பேரா வலிக்கு, வயிறுதானேன்னு
அப்போதைக்கு விட்டுட்டேன்.

விட்டிருக்கக் கூடாது.

முதல்ல பாத்த தம்பி டாக்டருதான்.
எங்க அக்கா மவன் வயசு, கண்ணுக்குக் கீழ கருப்பு.
"தொப்புளைச் சுத்தியா? கேஸா இருக்கும்மா.
ஊசி போட்டுட்டு உக்காருங்க, கூப்பிடுதோம்."
போட்டாச்சு. உக்காந்தாச்சு.

அஞ்சரைக்கு நர்ஸம்மா வந்து
"முத்துப்பேச்சி, முத்துப்பேச்சி"ன்னு ரெண்டு தரம் கூப்பிட்டுட்டுப் போனாக.
பெஞ்சுல சுருண்டு கிடந்த முப்பிடாதிக்கு
அது யாரோ ஊரார் பேரு.

நாங்குநேரி ரோட்டுல லாரி அடிச்சு
ஒரு பையனைத் தூக்கிட்டு ஓடினாக.
அவன் முந்தினதுல எனக்குக் கொறை இல்லை.
பெறவு ஒரு கரைவேட்டி,
விரல் சுளுக்கு,
ரெண்டு போன் பேசி உள்ள போச்சு.
அதுல கொறை உண்டு.
அதைக் கேட்டுக் கத்தின களக்காட்டு ஆளை
செக்யூரிட்டி கையைப் பிடிச்சு வாசல்ல விட்டுட்டு வந்தாரு.

"பேசாம கிட. கேட்டா கோவப்படுவாக,
பெறவு பாக்கவே மாட்டாக"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.
சரின்னுதான் கிடந்தேன்.
ஆறு மணிக்கு வலி நடக்க ஆரம்பிச்சுது.
தொப்புளை விட்டு இறங்கி, வலப்பக்கம் கீழ,
வட்டிக்காரன் மாதிரி
ஒரே எடத்துல உக்காந்துட்டு.

பதினேழு வருசமா முக்கூடல் பீடிக்கடையில
செக்கர் முன்னால நிக்கேன்.
அவரு ஒரு கை அள்ளி ஒதுக்கி "கழிவு"ம்பாரு.
அழுதா, அள்ளினது அள்ளினதுதான்.
கத்தினா, நாளைக்கு இலை மட்டமா வரும்.
நான் அந்தக் கழிவை ஒண்ணொண்ணா எடுத்து
அவரு மேசையில வைப்பேன்.
இது எதுக்குக் கழிவு? சொல்லுங்க. இது?
காரணம் கிடைக்காதது
கட்டுக்குத் திரும்பி வரும்.

எந்திரிச்சேன்.
சுவத்தைப் பிடிச்சு, பதினோரு எட்டு.
"ஐயா, என் பேரு முப்பிடாதி. சீட்டுல தப்பா இருக்கு.
நாலு பத்துக்கு வந்தேன், இப்போ ஆறு இருவது.
அப்போ தொப்புள்ல வலிச்சுது, இப்போ இங்கன.
அமுக்குனா வலிக்கு, கையை எடுத்தா அதை விட வலிக்கு.
ரெண்டு தரம் வாந்தி. காய்ச்சல் அடிக்கு.
கேஸுதான்னா சரி.
அதை இந்தச் சீட்டுல எழுதி
உங்க பேரையும் போட்டுத் தாங்க, போயிடுதேன்."

பேனாவை எடுத்தான். எழுதலை.
மூடியைக் கழத்தினான், மாட்டினான்.
"படுங்கம்மா"ன்னான்.
அமுக்கிட்டுச் சட்டுனு கையை எடுத்தான் பாருங்க,
நான் போட்ட சத்தத்துல
லாரிப் பையனோட அம்மை திரும்பிப் பாத்தா.

"எடம் மாறினதை அப்பவே சொல்லிருக்கலாம்லா?"
யாருகிட்டன்னு கேட்டிருப்பேன்.
நேத்து காலையில இருந்து டூட்டியாம் அவனுக்கு,
நர்ஸம்மா சொன்னாக.
கேக்கலை.
அதுக்குள்ள அவனே வண்டியைத் தள்ள ஆரம்பிச்சுட்டான்,
தள்ளுத ஆள் வருத வரைக்கும் நிக்காம.

தியேட்டர்ல மூக்குக்கு மூடி வைக்கப் போறவரு
"பயப்படாதீங்க, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க.
எண்ணத் தெரியும்லா?"ன்னாரு.
ஒரு நாளைக்கு ஆயிரம், இருவத்தஞ்சுக்கு ஒரு கட்டு.
எனக்குச் சிரிப்பு வந்துது, வயிறு விடலை.

பேரைத் திருத்தியாச்சான்னு கேட்டேன்.
திருத்தியாச்சுன்னாரு.
காட்டுங்கன்னேன்.
அவரு கூட நின்ன பொண்ணை ஒரு பார்வை பாத்துட்டு
சீட்டைக் கண்ணுக்கு நேரா பிடிச்சாரு.
முத்துப்பேச்சிக்கு மேல ஒரு கோடு, பக்கத்துல
முப்பிடாதி.
மை இன்னும் காயலை.

ஒண்ணு.