வலமிருந்து இடமாக

பத்து மணிக்கு மருந்துக்கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு
ஹம்டன் லேனில் மூன்றாம் மாடி ஏறி
நான் ஒரு மீன்பிடித் துறைமுகத்தைத் திறக்கிறேன்.
அங்கே பனி கொட்டுகிறது.
இங்கே ஃபேன் ஐந்தாம் இலக்கத்தில்.

நாவோக்கி இன்னும் படகை விற்கவில்லை.
எழுபத்தொரு அத்தியாயமாக விற்கப்போகிறான்.

மாங்கா என்றதும் கடையில் சுபத்திரா
மிளகாய்த்தூள் இருக்கா என்று கேட்டாள்.
அவளுக்கு விளக்கம் சொல்வதை அன்றே விட்டுவிட்டேன்.

பேச்சுக் குமிழிகள் எல்லாம் நெட்டை.
மேலிருந்து கீழே ஒழுகும் எழுத்துக்காக வரைந்தவை.
என் தமிழ் கால்நீட்டிப் படுக்கிற பாஷை.
"நீ திரும்பி வந்திருக்கவேண்டியதில்லை" என்று
நாவோக்கியின் அக்கா சொல்ல வேண்டும்;
"திரும்பி வந்தி" வரைக்கும்தான் இடம்.
அரை மணித்தியாலம் அவள் வாயையே பார்த்திருந்துவிட்டு
"ஏன் வந்தனி?" என்று எழுதினேன்.
அதோடு அவள் யாழ்ப்பாணத்துப் பொம்பிளையாகிவிட்டாள்.
ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐஸ் தொழிற்சாலைக் கிழவனுக்குப் பேச்சு எழுதுவது ஃபஸ்லான்.
மாளிகாவத்தை. பகலில் லிஃப்ட் திருத்துகிறவன்.
நான் எழுதிய வரி:
"கடலில் எதுவும் இல்லை. ஆனாலும் அஞ்சுகிறேன்."
அவன் வெட்டி எழுதிய வரி:
"கடல்ல ஒண்டும் இல்ல மகன். பயம் மட்டும் ஈக்குது."
கிழவன் அன்றுதான் மூச்சு விட்டான்.

ஒருமுறை சண்டை பிடித்தோம், மூன்று கிழமை.
பக்கங்களைக் கண்ணாடிபோலப் புரட்டிப் போட்டால்
சனம் இடமிருந்து வலமாக வாசிக்கும் என்றான்.
புரட்டிப் பார்த்தோம்.
நாவோக்கியின் தழும்பு மற்றக் கைக்குப் போனது.
கடலுக்குப் போன படகு
கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.
வேண்டாம் என்றேன்.
ஓதப் படித்த கண் தனக்கு, வலமிருந்து போவது சுகம்,
உனக்காகத்தான் கேட்டேன் என்றான் கள்ளன்.

சத்தங்கள் லேசு.
கயிறு கிறீச். நங்கூரம் தொபீர். பெட்டிக்குள் மீன் சளப், சளப்.
எழுபத்திரண்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
அக்கா போய்விட்ட சமையலறை, முழுப்பக்கம்,
மூலையில் மெலிந்த எழுத்து: ஷீ...ன்.
ஒன்றும் கேட்கவில்லை என்பதன் சத்தமாம்.

'நிசப்தம்' போட்டேன். வைத்தியசாலைப் பலகை.
ஃபஸ்லான் 'கப்சிப்' அனுப்பினான், அடி வாங்கினான்.
'ஙொய்' எழுதி அழித்தேன்.
அது காதுக்குள் கேட்பது. அறை அப்படிச் சொல்லாது.

வரைகிறவருக்கு மணிக்கட்டு வருத்தமாம்.
எழுபத்துமூன்று வருமா, ஒருவருக்கும் தெரியாது.
ஆகவே அவசரமில்லை.
ஆகவே தூக்கமும் இல்லை.

அன்றைக்குக் கரண்ட் போனது.
ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் ஒருதரம் உதறி நின்றது.
பக்கத்து வீட்டு நாடகத்தில் அழுதுகொண்டிருந்தவள்
பாதியில் நின்றாள்.
பாணந்துறை ரயில் கடலோரம் தேய்ந்து முடிய,
கீழே ஜெனரேட்டர் உறுமுமுன்
ஒரு நாலு செக்கன்.

லப்டொப்பில் ஒன்பது வீதம் மிச்சம்.
எழுத்தை எடுத்துவிட்டு
மெய்யின் தலையில் இருக்கிற புள்ளியை மட்டும் வைத்தேன்.
பெரிய சமையலறை. மூலையில்
எதன்மேலும் இல்லாத ஒரு புள்ளி.

ஃபஸ்லானுக்கு அனுப்பினேன்.
யூனியன் பிளேஸில் எட்டாம் மாடிக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
இருட்டில் தொங்கிக்கொண்டு பதில் போட்டான்:
"சரியா ஈக்குது. இங்கயும் இதுதான்."

வாசிக்கிறவர்கள் அறுபத்திச்சொச்சம் பேர்.
காலையில் வத்தளையிலிருந்து ஒரு பெடியன்:
"அக்கா, கடைசிப் பக்கத்தில ஏதோ அழுக்குப் பட்டிருக்கு,
ஒருக்கா பாருங்கோ."

பார்த்தேன்.
புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.