பொய்ப்பகல்

செவ்வாய்க்கிழமை வந்ததால் அவள் பெயர் செவ்வாய்.
ஐந்து பேரில் அவளுக்கு மட்டும்தான் பெயர்.
மற்றவை, கோழிகள்.

நவம்பர் கடைசியில் சூரியன் எங்கள் தீவுக்கு
விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.
அதற்கு முன்பே ஹால்வார் கூண்டில் விளக்கு மாட்டியிருந்தான்.
காலை ஐந்துக்குத் தானே எரியும்,
இரவு ஏழுக்குத் தானே அணையும்.
கோழிக்கு மணி தெரியாது, வெளிச்சம்தான் தெரியும்.
நம்பி முட்டையிட்டன.
ஊரே இருட்டில் கிடக்க, எங்கள் வாணலியில் மட்டும்
தினம் இரண்டு மஞ்சள் கரு உதித்தது.

மீன் ஆலையில் இரவு வேலை முடித்து வந்தேன்.
மூலையில் பென்குவின் போல நிமிர்ந்து நின்றாள்.
வால் தரையை நோக்கி, கண் பாதி மூடி.
கொண்டை, பலமுறை துவைத்த காலர் போல வெளுத்திருந்தது.
தூக்கினேன்.
கனமெல்லாம் வயிற்றில் இருந்தது, மீதி வெறும் இறகு.

"முட்டை சிக்கியிருக்கலாம்"
என்றார் சோர்ட்லாந்து மருத்துவர், தொலைபேசியில்.
"இல்லாமலும் இருக்கலாம்.
உள்ளேயே உடைந்திருக்கலாம். நீர் கோத்திருக்கலாம்.
கொண்டு வந்தால் படம் எடுத்துப் பார்க்கலாம்."
கட்டணம் சொன்னார்.
அந்தப் பணத்துக்கு ஒன்பது கோழி வரும் என்று
ஹால்வார் விரல் விட்டு எண்ணினான்.
கொட்டகையில் கோடரி இருப்பதையும்
ஜன்னலைப் பார்த்துச் சொல்லாமல் சொன்னான்.
அன்று காற்றுக்காகப் பாலத்தை மூடிவிட்டார்கள்.
எங்கள் இருவரில் யாருக்கு அது நிம்மதி என்று
இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

பையனைக் குளிப்பாட்டிய தொட்டி பரணில் இருந்தது.
அவன் இப்போது பெர்கனில், தாடி வைத்திருக்கிறான்.
முழங்கை நனைத்துச் சூடு பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடமாக அந்த முழங்கைக்கு
இந்த வேலை இல்லை, மறக்கவும் இல்லை.
எப்சம் உப்புப் போட்டு, வயிறு மூழ்க இறக்கினேன்.
முதலில் உதறினாள், சுவரெல்லாம் தண்ணீர்.
பிறகு கழுத்து தளர்ந்து
என் மணிக்கட்டில் அலகைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

விரலில் எண்ணெய் தடவித் தேடினேன்.
ஓடு தட்டுப்படவில்லை.
சூடு தட்டுப்பட்டது. ஒரு துடிப்பும்.
அவளுடையதா, என் விரலுடையதா.

எலும்புக்கென்று எனக்கு எழுதித் தந்த
கால்சியம் மாத்திரையை நுணுக்கித் தயிரில் குழைத்தேன்.
அவளுக்குக் கால், எனக்கு முக்கால்.

ஆலையிலிருந்து சால்மன் அடுக்கும் வெள்ளைப் பெட்டி,
உள்ளே துண்டு, வெந்நீர்ப் பை.
இருட்டாக வையுங்கள் என்றிருந்தார் மருத்துவர்.
இருட்டுக்கா இங்கே பஞ்சம்.

இரண்டாம் இரவு மூன்று மணிக்கு
குளியலறையில் பேச்சுக் குரல்.
கழிப்பறை மூடிமேல் உள்ளாடையோடு உட்கார்ந்து
ஹால்வார் அவளுக்கு ஓத அட்டவணை வாசித்துக்கொண்டிருந்தான்.
"ஏற்றம் நாலு பத்து.
இறக்கம் பத்து இருபத்தைந்து."
என்னைக் கண்டதும் இருமினான்.
"காற்று இன்னும் அடங்கவில்லை" என்றான்.

மூன்றாம் நாள் துண்டில் கிடந்தது
ஓடில்லாத ஒன்று,
காற்றிறங்கிய பலூன் போல, தோலுக்குள் கரு அசைய.
உள்ளே இன்னும் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது.
அவள் தண்ணீர் குடித்தாள்.
என் உள்ளங்கையிலிருந்து ஓட்ஸ் பொறுக்கினாள்,
வலிக்கும்படி.

அன்று மாலை ஹால்வார் கூண்டுக்குப் போய்வந்தான்.
சட்டைப் பையில் பல்பு, இன்னும் சூடாக.
"அவளும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றான்.
நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐந்தும் முட்டையிடுவதில்லை.
கொண்டை பாதி சிவந்திருக்கிறது.
வெளிச்சம் திரும்பினால் இதுவும் திரும்பலாம் என்கிறார் மருத்துவர்.
பாலம் திறந்துதான் இருக்கிறது.

முட்டை கடையில் வாங்குகிறேன்.
ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஏதோ எண்.
அட்டைப்பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு
கூண்டைத் தாண்டுகிறேன்.
இதை ஹால்வாரிடம் சொன்னதில்லை.
நேற்று சமையலறை ஜன்னல் வழியே பார்த்தேன்:
கடையிலிருந்து வந்தவன், கூண்டருகே,
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை
போட்டுக்கொண்டிருந்தான்.