பதினெட்டு மணி நேரம்

சொஹார் துறைமுகம், நான்காம் கேட்.
குளிர்க்கிடங்கு லாரிகள் எப்போது வந்தன, எப்போது போயின
எழுதுவது என் வேலை.
தடுப்புக் கட்டையைத் தூக்குவது லுப்வாமா.

விடியும்போது கேட்பான்: வாசுஸெ ஒட்யா?
ராத்திரியை எப்படிக் கழித்தாய் என்று பொருள்.
உன் பக்கத்தில்தானேடா கழித்தேன்.
ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.
அந்தக் 'கழித்தாய்' இந்த ஒரு ராத்திரிக்குத்தான்,
முந்தாநாளுக்குச் செல்லாதாம்.

லாரி ஒன்று கிளம்பும். அகென்ஸெ என்பான்,
தூசி அடங்கியிருக்காது.
டீ குடித்துவிட்டுக் கேட்டால்
அதே லாரி யகென்ஸெ.
ஓர் அகரம் வந்து ஒட்ட, யகரம் முளைத்துவிட்டது.
உடம்படுமெய் என்றேன்.
தலையாட்டினான்; ஏதோ டிரைவர் பெயர் என்று நினைத்திருப்பான்.
மறுநாள் இரவு அது யகென்டா.
தூரம் போனதும் வினைக்கு வால் மடங்கிவிடுகிறது,
அகராதியில் கிடந்தபடி கிடக்கிறது.

எப்போது மாறும்?
சுமார் பதினெட்டு மணி நேரம், என்றான்.
ஒன்றரை ஷிப்ட், என்று கணக்குப் போட்டேன்.
எங்களுக்குப் 'போனான்' ஒன்றுதான்.
கல்லணை கட்டியவனும் போனான்,
மீன் லாரிக்காரனும் போனான்.

நாலு மாதமாகச் சம்பளம் இல்லை.
ஆபீஸில் கேட்டால் மாஃபி.
மாஃபிக்குப் பின்னால் கதவு சாத்தியிருக்கும்.
லுப்வாமாவிடம் வேறு சொல் இருந்தது: டெகுன்னாஜ்ஜா.
வரவில்லை, இன்னும்.
அந்த 'இன்னும்' தனியே நிற்காது,
வினையின் வயிற்றுக்குள் இருக்கும்,
பிடுங்க வராது.

இன்று அதிகாலை நாலுக்குக் கம்பெனி வேன் வந்தது.
டிக்கெட் கொடுத்தார்கள், பாக்கியைப் பிறகு அனுப்புவார்களாம்.
ஒரு பை. வயர் சுற்றிய ரைஸ் குக்கர்.
போய்ட்டு வா என்றேன், தமிழில்.
போகிறவனிடம் ஏன் 'வா' என்று கேட்டிருப்பான்,
டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

இரவு, புது ஆள் தில் பகதூர்
இந்தியில் கேட்டான்: இங்கே இருந்தவன்?
கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.
யகென்ஸெ, என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
எனக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பத்தரைக்கு மீன் லாரி. நேரம் எழுதினேன்.
தில் பகதூர் கட்டையைத் தூக்கினான், கொஞ்சம் அவசரமாக.
வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போக வேண்டும்.
லுப்வாமாவின் பாக்கி என்னாயிற்று என்று
அரபியில் கேட்பேன், மாஃபி என்பார்கள்.
அவனுக்குப் போனில்
அந்த மற்றச் சொல்லையே அனுப்புவேன்.