இடது பக்கம், இரண்டடி உள்ளே

ஏலத்தில் எடுத்துவிட்டார்கள் என்று
தௌபீகா போன் செய்தபோது
யானைக்கல்லில் தார் இறக்கிக்கொண்டிருந்தார் அவள் அத்தா.
காயாவா, பழமாவா என்றார்.
இருபத்தோரு வயது,
ஐந்தடி மூன்று அங்குலம்,
பாயின்ட் கார்டு.
காய்தான் அத்தா என்றாள்.
அப்பச் சரி, தூரம் தாங்கும்
என்று வைத்துவிட்டார்.

ஒப்பந்தம் பதினெட்டுப் பக்கம்.
நரிமேட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே வாசித்தோம்.
சம்பளம் பற்றி ஒரே இடத்தில்.
காயம் பற்றிப் பதினோரு இடத்தில்.
எம்புட்டுத் தருவாய்ங்க என்றார் கடைக்காரர்.
சொன்னோம்.
மீதி நான்கு ரூபாயை
அவர் திருப்பித் தரவேயில்லை.

இரண்டு வருடம் நான் அவளுக்கு மாற்று.
மாற்று என்றால்
அவள் தண்ணீர் குடிக்கும் நேரம் ஆடுகிறவள்.
அவள் அதிகம் தண்ணீர் குடிப்பவள் இல்லை.

ஜங்ஷனில் அவள் பையை நான்தான் தூக்கினேன்.
ஷூ இரண்டும் பைக்கு வெளியே
நாடாவில் தொங்கி என் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தன.
ரயில் நகர்ந்ததும் அழுதேன்.
அதில் எவ்வளவு அவளுக்கு,
எவ்வளவு இனி காலியாகும் அந்த இடத்துக்கு
என்று கேட்காதீர்கள்.

எங்கள் கல்லூரி மைதானம் சிமெண்ட்.
இடது பக்கம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு இரண்டடி உள்ளே
தூங்குமூஞ்சி மரத்து வேர் தரையைத் தூக்கி
ஒரு வெடிப்பு.
அதில் பட்ட பந்து கைக்கு வராது,
மூக்குக்கு வரும்.
முதலாமாண்டில் எல்லோருக்கும் ஒருமுறை ரத்தம்.
பிறகு கால் படித்துக்கொள்ளும்:
அங்கே வந்ததும் அரைக்கணம் தயக்கம்,
பந்து வலக்கைக்கு,
அப்புறம்தான் போவது.

முதல் ஆட்டத்தை விடுதி பதினான்காம் அறையில் பார்த்தோம்.
டம்ளரில் சாய்த்த ஒரு போன்,
ஒன்பது பேர்.
முகம் தெரிகிற மாதிரி மரத்தரை.
முதல் பாதி முழுக்க
மடியில் துண்டோடு பெஞ்சில் இருந்தாள்.
அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.
அதைக் கண்டுபிடித்தவளே நான்.

இறங்கியதும் இரண்டு பந்தைப் பறிகொடுத்தாள்.
மூன்றாவது தடவை
இடது பக்கம்,
கோட்டுக்கு இரண்டடி உள்ளே,
ஒரு கீறல்கூட இல்லாத பலகைமேல்
அரைக்கணம் தயங்கினாள்.
எதிரே நின்ற ஆறடிக்காரி
வராத பந்துக்காக எம்பினாள்.
அவள் கீழே இறங்குவதற்குள்
கூடைக்குள் விழுந்திருந்தது.
வர்ணனையாளர் அதற்கு நீளமாய் ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார்.
மெதுவாக ஓட்டி மறுபடி மறுபடி காட்டினார்கள்.
எங்கள் அறையில் யாரோ சன்னமாக,
அடியே, வேரு, என்றாள்.

பொங்கல் லீவில் நிர்வாகம் வெடிப்பைப் பூசிவிட்டது.
இப்போது முதல் கார்டு நான்.
பந்து ஒழுங்காகக் கைக்கு வருகிறது.
அது ஒழுங்காக வருவதுதான்
எனக்கு இன்னும் பழகவில்லை.

நேற்று இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள்.
பத்தொன்பது புள்ளியில் தோல்வி,
முழங்காலில் ஐஸ்,
அங்கே சாம்பாரில் சர்க்கரை.
நம்ம வெடிப்பு எப்படிடீ இருக்கு என்றாள்.
அப்படியேதான் இருக்கு என்றேன்.
மூக்கப் பாத்துக்க
என்றாள்.